பின்சுவர் இல்லாத வீடு

கம்ப்யூட்டர் திரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாக மஞ்சள் வீட்டுக்காரி வெளியே வந்து, தன் வீட்டுக்குப் பின்சுவர் இல்லை என்று முறையிட்டது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். அன்று வெங்காய விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. வீட்டில் கணவர் மட்டும்தான் இருந்தார். மனைவிக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. நஷ்டஈடு கேட்கிறவர்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று நேரில் போய்ப் பார்த்து வரவேண்டும். ஆபீசில் அவளுக்கு ‘மோப்பம்’ என்று பட்டப்பெயர். கடை எரிந்துபோனதென்றால் எரிந்த மூலையை அப்புறம்தான் பார்ப்பாள். கடைக்காரன் எந்தப் பக்கம் பார்க்காமல் பேசுகிறான் என்பதுதான் அவளுக்கு முதல் கணக்கு.

கணவருக்கு வீட்டிலேயே தொழில். கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டி விளையாடுகிறவர்களுக்கு வழித்தடம் அமைத்துக் கொடுப்பார். தண்டவாளம் போடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை, அதற்கு இரண்டு பக்கமும் ஓர் உலகம் இருக்கிறது என்று நம்ப வைப்பதுதான் பெரும்பாடு. சரளைக்கல்லில் எண்ணெய்க்கறை, பாலத்துச் செங்கலில் பாசி, மரத்தின் நிழல் பொழுதுக்குத் தகுந்தாற்போல் நீளுவது என்று ஒவ்வொன்றையும் உட்கார்ந்து செய்வார். ஆனால் ரயிலில் போகிறவன் கண்ணில் படாத எதையும் தொடமாட்டார். வீடுகளுக்கெல்லாம் முன்பக்கம் மட்டும்தான். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். வேண்டாத சுவர் கூடினால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும், ரயில் விக்கி விக்கி ஓடும்.

சாயங்காலம் மனைவி வந்தபோது கழுவிக் கவிழ்த்த டம்ளர் இரண்டாக இருந்தது.

“யாரு வந்தது?”

“மஞ்சள் வீட்டுக்காரி.”

“எந்த மஞ்சள் வீடு?”

“நான் போட்டதுதான். பாலம் தாண்டினதும் வருமே.”

சொந்தக் கடைக்குத் தீ வைத்தவர்கள்கூட இதைவிட நல்ல பொய் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டும் பயனில்லை. கல்யாணமான புதிதில் அவர் குளிக்கப் போயிருந்தபோது அவருடைய போனை எடுத்துக் குடைந்தவள் அவள். உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையென்றால் எதையோ அழித்திருக்க வேண்டும் என்று அதற்கும் ஒரு சந்தேகம் முளைத்தது. எதை அழித்தீர்கள் என்று அவரையே கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவர் கூண்டில் நிற்கும் சாட்சி மாதிரி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லப் பழகிக்கொண்டார். கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், சாவி எங்கே என்பதோடு அந்த வீட்டின் பேச்சு வற்றிப்போயிருந்தது.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். மஞ்சள் வீட்டுக்காரி காலில் சரளைத் தூசியோடு வந்தாள், “நீங்கதானா அக்கா?” என்று சிரித்தாள், நேராகச் சமையலறைக்குப் போய் மேல்தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்தாள்.

“சர்க்கரை இருக்கிற இடத்தை உனக்கு யாரு சொன்னது?”

“அண்ணன்தான். வேலை பார்க்கும்போது தானா பேசிக்கிட்டே இருப்பாரு. எங்க எல்லாருக்கும் கேக்கும்.”

கணவரின் முகம் செத்துப்போயிற்று. மனைவி அதைக் குறித்துக்கொண்டாள். அண்ணன் என்று கூப்பிடுகிறவர்களைத்தான் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது அவளுடைய அனுபவம்.

“மழை பெஞ்சா படுக்கை வரைக்கும் நனையுது அக்கா. ஜன்னல்ல பூந்தொட்டி வெச்சுக் குடுத்திருக்காரு. பூந்தொட்டியா கேட்டேன்?”

“பின்பக்கத்தை யாரும் பார்க்கப் போறதில்லையே” என்றார் கணவர்.

“நான் பார்க்கிறேனே” என்றாள் மஞ்சள் வீட்டுக்காரி.

நேரில் பார்க்காமல் எதையும் முடிவு செய்வது மனைவியின் வழக்கமில்லை. கைப்பையில் டார்ச்சும் அளவு நாடாவும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டாள். மூச்சை இழுத்துப் பிடித்து, உடம்பை ஒருக்களித்து, அந்த இடுக்கில் நுழைந்து மஞ்சள் வீட்டுக்காரியின் பின்னாலேயே போய்விட்டாள்.

வீட்டின் முன்பக்கத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தட்டிப் பார்த்தாள், கெட்டியான சுவர். உள்ளே போனால் மூன்றாவது அடியில் வீடு முடிந்துவிட்டது. அதற்கப்பால் தரையுமில்லை, வானமுமில்லை, சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. படுக்கை விரிப்புகளை ஒன்றோடொன்று தைத்துத் தொங்கவிட்டுத்தான் அந்தப் பெண் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். கட்டில் காலில் ஈரம் ஏறிய தடம் வரிவரியாகத் தெரிந்தது. ஆளுக்கு ஆள் பொய் சொல்வார்கள், ஈரம் சொல்லாது. புகார் மெய்தான் என்று மனைவி நிமிர்ந்தபோது மேலே எங்கிருந்தோ கணவரின் குரல் கேட்டது.

“போனவளை இன்னும் காணோம். கூப்பிட்டா ஏன் கூப்பிட்டீங்கம்பா, கூப்பிடலன்னா ஏன் கூப்பிடலைம்பா. நான் எதை ஒளிச்சு வெச்சிருக்கேன்? வாயைத் திறந்தாலே கோர்ட்டுல நிக்கிற மாதிரி நாக்கு ஒட்டிக்குது. பாலத்து மேல சாயங்கால வெளிச்சம் அமைஞ்சு வந்தப்போ அவளைக் கூப்பிட்டுக் காட்டணும்னு இருந்துச்சு. காட்டல.”

குரலில் எங்கேயாவது பிசிறு தட்டுகிறதா என்று பார்த்தாள். தட்டவில்லை. நாம் கேட்கிறோம் என்று தெரிந்தே பேசுகிறாரோ என்று அடுத்த சந்தேகம் வந்தது. மஞ்சள் வீட்டுக்காரி விரிப்பை இழுத்துக் கட்டிக்கொண்டே, “தினமும் இதுதான் அக்கா. எங்களுக்கு மனப்பாடம்” என்றாள். மனைவி ஈரக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரயில் ஒன்று கடந்து போயிற்று. அவள் எழுந்திருக்க வெகுநேரமாயிற்று.

திரும்பி வந்ததும், “அவ சொல்றது உண்மைதான். சுவரைக் கட்டிக் குடுங்க” என்றாள். பிறகு தலையில் ஒட்டியிருந்த அந்தச் சாம்பல் நிறத்தைத் தட்டிக்கொண்டே, “அந்தப் பாலத்து வெளிச்சத்தைக் காட்டுங்க” என்றாள்.

“எதுக்கு?” என்றார் கணவர் மிரண்டுபோய். முதல் தடவையாக அந்த வீட்டில் சந்தேகம் அவருடையதாக இருந்தது.

ஆனாலும் காட்டினார். சுவரையும் கட்டினார். செய்தி பரவி கேட்கீப்பர் வந்தார், டீக்கடைக்காரர் வந்தார், தண்டவாளத்து ஓரத்தில் இருந்த அத்தனை பேரும் வந்து பின்பக்கம் கேட்டார்கள். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு இல்லையென்று சொல்ல முடியவில்லை. அடுத்த இரண்டு வருஷமும் அதிலேயே போயிற்று. ரயில்கள் திணறி ஓடின, விளையாடுகிறவர்கள் ஏசினார்கள், பாதிப்பேர் வேறு வழித்தடம் தேடிப் போனார்கள், மீதிப்பேர் தாமதத்துக்குப் பழகிவிட்டார்கள்.

இப்போது மனைவி ஞாயிற்றுக்கிழமைதோறும் மஞ்சள் வீட்டுக்குப் போய்விடுகிறாள். பார்சல் கொண்டுவருகிறவன் “அம்மா இல்லையா?” என்று கேட்டால் கணவர் திரைப் பக்கம் கையைக் காட்டுவார், அவனும் சரியென்று கையெழுத்தை அவரிடமே வாங்கிக்கொண்டு போவான். அவள் போனபின் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் சொல்ல வராததையெல்லாம் மரம் நட்டபடியே சொல்லுவார். அவள் அங்கே சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் கேட்கிறாள் என்று தெரிந்து பேசுகிற பேச்சை அப்படியே நம்பிவிட முடியுமா? அதனால் சில சமயம் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, அவர் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் புதன்கிழமையும் போய் உட்கார்ந்து பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்கும் புதன்கிழமை பேச்சுக்கும் இதுவரை முரண்பாடு எதுவும் அகப்படவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.