மூணு கிலோவாட் போதும்

வீட்டுக்கு சோலார் வேண்டும் என்று முதலில் வாயைத் திறந்தவள் காந்திமதிதான். கரண்ட் பில்லுக்காக அல்ல, மாடியில் குடியிருந்த நான்கு பெண்களுக்காக. மகள் பிரவீனா கல்யாணமாகி ஓசூருக்குப் போனபின் ஒரகடத்தை ஒட்டிய அந்த வீடு வெறிச்சோடிப் போயிருந்தது. மாடியில் முன்பு இருந்தவர்கள், கரண்ட் போனால் தண்ணீர் ஏறுவதில்லை என்று சொல்லிக் காலி செய்துவிட்டார்கள். இப்போது இருப்பவர்கள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்கள். நால்வருக்கும் ஒரே கம்பெனி, ஒரே அசெம்ப்ளி லைன். லீவு நாளில் கீழே வந்து டிவியைப் போட்டுக்கொண்டு, அத்தை அத்தை என்று அவள் உயிரை வாங்குவார்கள். அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இவர்களும் போய்விட்டால் நாள் முழுக்கக் கணவர் கோபாலின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்கு அதில் விருப்பமில்லை.

கோபால் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்து ரிட்டையர் ஆனவர். பேனல் மாட்ட வந்த யாக்கோபு வாயெடுப்பதற்குள் கணக்கைச் சொல்லி முடித்துவிட்டார்.

"எல்லாத்தையும் கூட்டினா ஆறு கிலோவாட் வருது. ஆனா எந்த வூட்லயும் எல்லாம் ஒரே நேரத்துல ஓடாதுப்பா. ஃபேக்டரியிலயே நாங்க பாதிதான் கணக்கு வெப்போம். மூணு கிலோவாட் இன்வெர்ட்டர் போதும்."

"மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ரெண்டு மடங்கு, மூணு மடங்கு இழுக்கும் சார். அஞ்சா போட்டுக்கினா நல்லது."

"எங்கிட்டயேவா?" என்று சிரித்தார் கோபால்.

"காத்தால அந்தப் பொண்ணுங்க..." என்று காந்திமதி ஆரம்பித்தாள்.

"இது உனக்குப் புரியாது. நீ போய் டீ போடு."

போனாள். அவர் டீயில் மட்டும் சர்க்கரையைக் குறைத்தாள். அப்போதைக்கு அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

இன்வெர்ட்டரும் பேட்டரியும் வந்து மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தன. பகலில் கரண்ட் போனபோதெல்லாம் ஃபேன் நிற்காமல் ஓடியது. கோபால் போனில் எத்தனை யூனிட் வந்தது என்று பார்ப்பதும், பார்த்ததைத் தெருவில் போகிறவர்களிடம் சொல்வதுமாகப் பூரித்துப் போயிருந்தார்.

தை மாதத்தில் ஒரு விடியற்காலை, ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மாடியில் நான்கு பக்கெட்டிலும் ஹீட்டர் ராடு தொங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தி யூனிஃபார்மை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். டேங்கில் தண்ணீர் இல்லை என்று காந்திமதி அப்போதுதான் மோட்டாரைப் போட்டிருந்தாள். இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. கோபால் ஓடிவந்து ரீசெட் செய்தார், மறுபடி அணைந்தது. இன்னொரு தடவை செய்தார், அதற்கும் அதே கதிதான்.

"அத்தை, தண்ணி வரல!" என்று மேலிருந்து வேல்விழி கத்தினாள். தலை நிறைய ஷாம்பூ.

தெருமுனையில் கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்பதில்லை. ஹாரன் கேட்டது, அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நால்வரும் இறங்கி வந்தார்கள். ஷேர் ஆட்டோவில்தான் போக வேண்டும்.

"கோவிச்சிக்கிடாதீய அத்தை," என்றாள் வேல்விழி. "லேட்டாப் போனா லைன்ல வேற ஆளப் போட்டுருவாவ. தண்டலத்துல ஒரு ஹாஸ்டல்ல ஜெனரேட்டர் இருக்காம். அங்க போயிரலாமான்னு பேசிக்கிட்டு இருக்கோம்."

காந்திமதி தலையை மட்டும் ஆட்டினாள். பெண்கள் கேட்டருகில் போய் ஆட்டோவுக்குக் காத்து நின்றார்கள்.

கோபால் டார்ச்சோடு இன்வெர்ட்டர் முன்னால் நின்றிருந்தார். "நாலு பேரும் ஒரே நேரத்துலயா ஹீட்டர் போடுவாங்க? முன்ன பின்ன குளிக்கக் கூடாதா?"

"எல்லாருக்கும் ஒரே பஸ்ஸு. எப்டி முன்ன பின்ன குளிப்பாங்க?"

"நானும்தான் முப்பது வருஷம் ஷிப்டுக்குப் போனேன். ஒருநாளாவது வூட்ல இந்த மாதிரி அமக்களம் இருந்துச்சா?"

"ஒரு அடுப்புல உங்களுக்கு வெந்நீ, இன்னொண்ணுல இட்லி. பாப்பாவ இடுப்புல வெச்சிக்கினு சட்டையத் தேச்சேன், டப்பா கட்னேன். நீங்க குளிச்சீங்க, சாப்ட்டீங்க, பஸ் ஏறுனீங்க. அமக்களம் உங்களுக்கு எப்டித் தெரியும்?"

கோபால் கேட்டருகே போனார். "இந்த வாரமே பெருசா மாத்திடறேன்மா. வூட்ட மட்டும் காலி பண்ணிடாதீங்க" என்று அவர் சொன்னது காந்திமதிக்குக் கேட்டது. இப்படிக் கெஞ்சும் குரலில் அவர் பேசி அவள் கேட்டதே இல்லை.

"சரி மாமா, மாத்துங்க. நாங்க இங்கனயே இருந்துக்கிடுதோம்" என்றாள் வேல்விழி. ஆட்டோ வந்தது. காந்திமதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கோபால் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தார். கணக்கில் விட்டுப்போன ஓர் எண்ணைக் கேட்பவர் போலவே கேட்டார்.

"அப்பல்லாம் நீ எத்தினி மணிக்கு ஏந்திருப்ப?"

காந்திமதிக்கு மனம் இளகவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"ஒருநாளாவது நீங்க எங்கூட ஏந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள்.