தலைக்கு எவ்வளவு புகை?

அச்சகத்தில் எல்லோரும் அவளை ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டாள். ஆறு வருடமாக ரசீதுப் புத்தகமும் விசிட்டிங் கார்டும் வடிவமைத்துக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக ஒரு பெரிய வேலை வந்திருந்தது. பள்ளிச் சுவர்களில் மாட்டும் அறிவியல் படங்கள், மொத்தம் பத்து. முதல் படம் பிடித்தால் மற்ற ஒன்பதும் அவளுக்கு. பிடிக்காவிட்டால் மறுபடியும் ரசீதுப் புத்தகம்தான்.

முதல் படத்தின் தலைப்பு: ‘அதிகம் புகை விடும் நாடு எது?’ அறிவியல் வாத்தியார் கொடுத்த கணக்குத் தாளின்படி, பெரிய நாடு விடும் கரிப்புகை சின்ன நாட்டினுடையதைப் போல நான்கு மடங்கு. அவள் இரண்டுக்கும் மேகம் வரைந்தாள். மாதிரியைப் பார்த்ததும் வாத்தியார் சொக்கிப்போனார். “முகத்துல அறையுதும்மா!”

அச்சடிக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட அவர் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. அன்று காலை வந்ததும் அவளுக்கு என்னவோ உறுத்தியது. கழித்துப்போட்ட தாள்களிலிருந்து சின்ன மேகங்களைக் கத்தரித்தாள். பெரிய மேகத்தின் மேல் அடுக்கினாள், இடுக்குகளில் துண்டு துண்டாக நறுக்கித் திணித்தாள். நான்கோடு நிற்கவில்லை. பதினாறு பிடித்தது.

“அத்தை, தப்புப் பண்ணிட்டேன். கம்ப்யூட்டர்ல நானூறு சதவீதம்னு போட்டேன். அது அகலத்தையும் நாலு மடங்காக்கிடுச்சு, உயரத்தையும் நாலு மடங்காக்கிடுச்சு.”

அச்சகம் அத்தையுடையது. “அவருக்குப் பிடிச்சிருக்குல்ல? வாயைத் திறக்காதடி, தாயே.”

வாத்தியார் வந்தார். அவள் வாயைத் திறந்தாள்.

“சார், இது நாலு மடங்கு இல்ல, பதினாறு. என் தப்பு. திருத்திட்டேன், பாருங்க.”

திருத்திய தாளை அவர் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “சப்புன்னு இருக்கேம்மா.”

“இன்னும் ஒண்ணு சார். நீங்க கொடுத்த தாளோட பின்பக்கத்துல ஜனத்தொகை இருக்கு. பெரிய நாட்டுல பத்து மடங்கு ஜனம். தலைக்குன்னு வகுத்துப் பார்த்தா, சின்ன நாட்டுக்காரர்தான் ரெண்டரை மடங்கு அதிகமா விடுறாரு.”

“படம் போடச் சொன்னா எனக்கே பாடம் எடுக்கிறியா?” வாத்தியார் குரல் உயர்ந்தது. “பக்கத்துத் தெருவுலயும் அச்சகம் இருக்கு.”

அத்தை நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அச்சு இயந்திரத்தை ஓட்டும் அண்ணன் அதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

“இருக்கு சார். ஆனா எங்க வீட்டைப் பாருங்க. பதினொரு பேர், மாசம் ரெண்டு சிலிண்டர். மாடியில இருக்கறவர் ஒண்டிக்கட்டை, ஒரு சிலிண்டர். மொத்தத்தை மட்டும் எழுதி மாட்டினா, ஊதாரி யாரு? நாங்களா?”

“கேஸ் சும்மா எரியுது, அவர் போன் பேசிக்கிட்டே இருப்பாரு” என்றாள் அத்தை, தன்னையும் அறியாமல்.

வாத்தியார் சிரிக்கவில்லை. “வானத்துக்குத் தலை எண்ணத் தெரியுமாம்மா? மொத்தப் புகைதானே பூமியைச் சூடாக்குது?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். அவர் சொல்வதும் சரிதான்.

“தெரியாது சார். அதனாலதான் மொத்தத்தை நான் நீக்கல. மேல் பாதியில நாடு விடுற புகை, கீழ் பாதியில ஆள் விடுற புகை. ஒண்ணை மட்டும் காட்டினா, யாராவது ஒருத்தர் நைஸா நழுவிடுவாங்க.”

பென்சிலை எடுத்து, ஒரே மூச்சில் இரண்டு பாதிகளையும் கோடு போட்டுக் காட்டினாள். கீழ்ப் பாதியில் சின்ன நாட்டு மேகம் பெரிதாக உட்கார்ந்தது.

“பசங்க குழம்பிட மாட்டாங்களா?”

“எனக்கே புரியுது வாத்தியாரே” என்றார் இயந்திரக்கார அண்ணன். “நான் ஏழாவதுல மூணு தடவை உட்கார்ந்தவன்.”

வாத்தியார் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடுகிறார் என்று அத்தை நினைத்தாள். அவர் தலைப்பை அடித்துவிட்டு, ‘யார் எவ்வளவு புகை விடுகிறார்கள்?’ என்று மாற்றி எழுதினார். பிறகு பையிலிருந்து இரண்டாவது படத்துக்கான கணக்குத் தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

“வரையறதுக்கு முன்னாடியே சொல்லிடும்மா, இதுல நான் என்ன கோட்டை விட்டிருக்கேன்னு.”