கிரவுண்ட் கிளியரன்ஸ் 1900

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டுச் சரக்கு. ஷோரூமில் பக்கத்து நாற்காலிக்காரரின் போனை எட்டிப் பார்த்து எடுத்தது. எனக்கு வண்டிப் பைத்தியம். வாங்க வக்கில்லாவிட்டாலும், புது வண்டி வந்தால் போய் உட்கார்ந்து, கதவை நாலு தடவை திறந்து மூடிவிட்டு வருவேன்.

அவர் போனில் ஒரு எக்செல் ஷீட். ஐந்து எலெக்ட்ரிக் கிராஸ்ஓவர்கள் (காரும் இல்லாமல் ஜீப்பும் இல்லாமல் நடுவில் நிற்குமே, அது). விலை, பேட்டரி, ரேஞ்ச், டிக்கி என்று அழகாகக் கட்டம் போட்டிருந்தார். என் கண்ணில் பட்ட ஒரு கட்டத்தில், இருக்கைகள்: 55.

"சார், அது தப்பா இருக்கு" என்றேன்.

"தெரியும்" என்றார். "வேணும்னேதான்."

பிறகு பேசினோம். கீழே இருப்பதில் பாதி அவர் சொன்னது, பாதி நான் ஒட்ட வைத்தது. எங்கே ஒட்டினேன் என்பது எனக்கே இப்போது தெரியவில்லை.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "மழை விட்ட மாலையில் அவன் தனியாக" — வேண்டாம். தனியாக என்று முதல் வரியிலேயே போட்டுவிட்டால் அப்புறம் எழுத என்ன இருக்கிறது?

இரண்டாவது: "மின்சார வாகனச் சந்தை இன்று வேகமாக" — இது என் பழைய வீடியோ ஒன்றின் ஆரம்பம். பதினாறு பேர் பார்த்தார்கள். அதில் ஆறு முறை நான்.

2

அவன் (கதைக்குள் 'அவர்' அவனாகிவிட்டார், மன்னிக்கட்டும்) பல் செய்கிறவன். டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் தாடைகளுக்கு, ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பல் கட்டிக் கொடுப்பவன். மேசை முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொன்றிலும் பென்சிலில் ஒரு நம்பர். சுற்றி இத்தனை வாய் இருந்தும் நாள் முழுக்க ஒன்றும் பேசாது.

அந்த ஷீட் பிறந்தது அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அவனும் அத்தானும் சேர்ந்து ஆரம்பித்தது, இருவர் போனிலும் திறந்து எழுதும்படி. அத்தானுக்கு மருந்துக்கடை. மாத்திரை அட்டையை இரண்டு தடவை படித்துப் பார்க்காமல் கையை விட்டு விடமாட்டார். ஆளுக்கொரு வண்டி வாங்குவதாகத் திட்டம். பெயர்கள் வாயில் நுழையாததால் முகத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்: தவளை, முறைப்பான், இஸ்திரிப்பெட்டி, ஷூ, மூக்கில்லாதவன். ஒன்றும் இன்னும் கடைக்கு வரவில்லை. எல்லாமே 'எதிர்பார்க்கப்படும்' விலை, 'எதிர்பார்க்கப்படும்' ரேஞ்ச். தவளை இரண்டு லட்சம் மலிவு. முறைப்பான் ஒரு சார்ஜில் நூறு கிலோமீட்டர் கூடப் போகும். இந்த ஒரு சண்டையே மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓடியது.

"வண்டி வாங்குவீங்களா, இல்ல ரெண்டு பேரும் இந்த ஷீட்டையே ஓட்டிக்கிட்டுத் திரிவீங்களா?" என்றாள் அக்கா. ஆனால் தன் போனிலும் ஷீட் தெரியும்படி திறந்து வைக்கச் சொன்னாள். கலர் அவள்தான் சொல்வாளாம்.

பிறகு அக்காவும் அத்தானும் பிரிந்துவிட்டார்கள்.*

"இனிமே நீ அந்த ஆளுகூடப் பேசக் கூடாதுடா" என்றாள்.

"பேசலக்கா. சத்தியமா."

*யார் பக்கம் தப்பு என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் கடைசியாக யாரைப் பற்றி எழுதினேனோ அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். எடுத்துவிட்டேன்.

3

நாலு மாதம் சத்தியம் நின்றது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், பிளாஸ்டர் தூள் ஒட்டிய விரலோடு, ஷூவின் கிரவுண்ட் கிளியரன்ஸை ஷீட்டில் அடித்தான். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவிலிருக்கும் உயரம், மில்லிமீட்டரில். 190 என்பது 1900 ஆகிவிட்டது. அவன் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அது 190 ஆக இருந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: "1900னா அடியில ஆள் நிமிர்ந்தே நடந்து போலாம் மாப்ளே."

தாடைகளுக்கு நடுவே உட்கார்ந்து சிரித்தான். அந்த அறையில் அவன் சிரிப்புச் சத்தம் கேட்டு அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அடுத்த வாரம் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்தான். இரவுக்குள் திருத்தியாகிவிட்டது. அதற்கடுத்த வாரம் அத்தான் ஒன்று வைத்தார். இது பேச்சு இல்லை, பிழை திருத்தம். சத்தியம் பத்திரமாக இருந்தது. (நம்புகிறீர்களா? அவனும் நம்பவில்லை.)

இரண்டு வருடம் இப்படியே போனது. குறிப்பெல்லாம் வண்டியைப் பற்றித்தான். "வீட்ல சார்ஜர் வைக்க வழியில்ல, இப்ப மூணாவது மாடி." அப்படித்தான் அத்தான் வீடு மாறியது தெரிந்தது. "பின் சீட்ல கால் நீட்ட இடமிருக்கா பாரு. புதுசா ஒரு முட்டி வலி." அப்படித்தான் முட்டி. கடைசியாக வந்தது: "பதினெட்டு நிமிஷத்துல சார்ஜ் ஏறுமா? இங்க ஒரு ஸ்கேனுக்கு ரெண்டு மணி நேரமா உக்கார வச்சிருக்காங்க மாப்ளே."

என்ன ஸ்கேன்? அதைக் கேட்க ஷீட்டில் கட்டம் இல்லை.

அவன் பேட்டரி 62ஐ 620 ஆக்கினான். மறுநாள் 620. மூன்றாம் நாளும் 620. ஐந்தாம் நாள் இருக்கைகளை 55 ஆக்கினான். எட்டாம் நாள் முறைப்பானின் விலையை அழித்துவிட்டு 'இலவசம்' என்று போட்டான்.

பதினோரு நாள். யாரும் திருத்தவில்லை.

4

இந்த இடத்தில் அக்காவை உள்ளே கொண்டுவர வேண்டும். அவளை எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். கோபக்காரியாக எழுதினால் பொய். பாவமாக எழுதினால் அதைவிடப் பெரிய பொய். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

தவளை ஒருவழியாக வந்துவிட்டது. ஷோரூம் நடுவில் நிற்கிறது. அறிமுக விலை அன்று மாலை ஆறு மணி வரை. அக்கா அதன் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஜன்னலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் அவன். எதிரில் விற்பனைப் பையன், கையில் பேனாவைத் திறந்தபடி.

"சார், ஆறு மணிக்கு மேல சிஸ்டமே எடுக்காது."

"ஒரே ஒரு நம்பர் பாத்துக்கறேன்."

"எல்லா நம்பரும் இதுலயே இருக்கு சார்." பிரவுஷரை நீட்டினான்.

"இந்த நம்பர் அதுல இருக்காது தம்பி."

புக் பண்ணிவிட்டால் ஒப்பிட இனி ஒன்றுமில்லை. ஷீட்டை மூடியாக வேண்டும். அங்கே திருத்த வருகிறவர் இனி வரவே மாட்டார் என்றாலும், அதை மூடுகிற கை அவனுடையதாக இருக்க வேண்டுமே. போன் பண்ணலாம். ஆனால் சத்தியம். அக்காவிடம் கேட்கலாம். ஆனால் இரண்டு வருடப் பொய்.

அப்போது பின் சீட்டிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்:

"டேய், இங்க கால் நல்லா நீட்டலாம்டா. முட்டி வலிக்காரங்க கூட…"

நிறுத்திவிட்டாள்.

அக்காவுக்கு முட்டி வலி கிடையாது. அந்த வலி அவர்கள் பிரிந்த பிறகு வந்தது. ஷீட்டின் ஓரத்தைத் தவிர அதை யாரும் எங்கேயும் எழுதவில்லை. கலர் சொல்வதற்காக அவளுக்குத் திறந்து வைத்த ஷீட்டை அவன் மூடவே இல்லை.

அவன் தலை நிமிர்ந்தான். அவள் ஜன்னலை மெதுவாக ஏற்றிக்கொண்டாள்.

6

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் அவன் போய்த் தவளையின் கதவைத் திறந்து, "அத்தானுக்கு என்னக்கா?" என்கிறான். அவள் பதில் சொல்வதற்குள் நிறுத்திவிட்டேன். அந்தப் பதில் எனக்குத் தெரியாது.

இன்னொன்றில் ஆறு மணி அடிக்கிறது, விலை ஏறுகிறது, அவன் வீட்டுக்குப் போய் இன்னும் வராத ஆறாவது வண்டி ஒன்றை ஷீட்டில் சேர்க்கிறான்.

மூன்றாவதில் அவன் கையிலிருக்கும் போனில், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 55 அழிந்து 5 ஆகிறது. யார் திருத்தியது என்று அவன் உடனே பார்க்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் அக்காவும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உண்மையில் என்ன நடந்தது என்றால், என் பஸ் வந்துவிட்டது. நான் கிளம்பிவிட்டேன். போய் இரண்டு வாரமாகிறது. இன்னொரு நாள் அந்த ஷோரூமுக்குப் போனேன், அந்த விற்பனைப் பையன் லீவு.

அதனால் முடிவு உங்களுடையது. பதிலுக்கு ஒரே ஒரு வேலை. இந்தக் கதையில் பகுதி எண் ஒன்று தப்பாக இருக்கிறது. நாலுக்கு அடுத்து வரவேண்டியது வரவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். பென்சில் இருந்தால் திருத்திவிட்டுப் போங்கள். ஓரத்தில் ஏதாவது கிறுக்கினாலும் சரி, வண்டியைப் பற்றி.

நாளைக் காலை வந்து பார்க்கிறேன்.