ஞாயிற்றுக்கிழமை மம்பட்டி

இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போது மழை வந்துவிட்டது. ஜீவபுரம் வேதக்கோயிலுக்குத் தகரக் கூரை. நாலு தூறல் விழுந்தாலே ஆர்மோனியம் காதில் விழாது. அன்றைக்கு அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஆனி பிறந்து இத்தனை நாளாகியும் சித்தூர்ப் பக்கம் ஒரு பொட்டு மழை கிடையாது. ஆண்கள் பக்கத்தில் முகமெல்லாம் பல். பெண்கள் தகரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு குரலை உயர்த்தினார்கள். போதகர் ஜோனத்தான் ஐயர்கூட சன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் சத்தமாகப் பாடுங்கள் என்பதுபோல் கையைத் தூக்கினார். ஈவ்லின் மட்டும் வாயை மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற லீனா முழங்கையால் இடித்தாள். "இன்னாக்கா?"

"தோலு, லீனா. ஓடக்கரையில ரெண்டு லோடு தோலு கீது."

லீனாவின் பாட்டும் நின்றுவிட்டது.

இந்தத் தோல் விவகாரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜீவபுரத்துக்கு மேலே ஒரு மாம்பழக்கூழ் கம்பெனி. சீசன் வந்தால் தோத்தாபுரி லாரி லாரியாக வந்து இறங்கும். தோல் சீவுகிற வேலைக்கு ஜீவபுரத்தில் ஒரு பெண் போகாத வீடு இல்லை. ஈவ்லின் அந்த வரிசைக்கு மேற்பார்வை. சீவின தோலையும் கழுவின தண்ணீரையும் கம்பெனி ரொம்ப காலம் ஓடையில்தான் தள்ளிக்கொண்டிருந்தது. ஓடை ஆற்றில் சேரும் இடத்துக்குக் கீழே, மணலில் உறை இறக்கிக் கிணறு வெட்டியிருந்தார்கள் கீழ்ப்பட்டுக்காரர்கள். அவர்களுக்குக் குடிக்க அந்தக் கிணற்றை விட்டால் நாதியில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓடை நுரைத்துப் புளித்து நாறி, கிணறு கெட்டு, கீழ்ப்பட்டில் வீட்டுக்கு வீடு வாந்தி. அந்த ஊர் முக்கியஸ்தர் நரசிம்மனின் பேத்தி சித்தூர் ஆஸ்பத்திரியில் பிழைத்ததே பெரும்பாடு. மனுஷன் கொதித்துப் போனார். கம்பெனிக்கு சீல் வைக்காமல் ஓயமாட்டேன் என்று கிளம்பினார்.

அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் கம்பெனிக்கு சீல் வைத்தால் ஜீவபுரத்தில் எத்தனை அடுப்பு அணையும்! ஈவ்லின் கீழ்ப்பட்டுக்கு நடையாய் நடந்தாள். முதலில் பேச்சு வாங்கினாள், பிறகு மோர் வாங்கினாள், கடைசியில் ஒரு ஏற்பாட்டை வாங்கிக்கொண்டுதான் வந்தாள். கழுவின தண்ணீரைத் தேக்கித் தெளியவைக்கக் கம்பெனி தொட்டி கட்ட வேண்டும். தோலை டிராக்டரில் ஜீவபுரத்துக்கு அனுப்ப வேண்டும். ஜீவபுரத்தார் அதை ஓடையை ஒட்டிய கோயில் நிலத்தில் குழி வெட்டி, சாணி போட்டு, அன்றைக்கே மண்ணால் மூட வேண்டும். சாணி கீழ்ப்பட்டுக்காரர்கள் தருவார்கள். மட்கின எருவில் பாதி அவர்களுக்கு. வாராவாரம் இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து ஓடைத் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய நரசிம்மன் கடைசியாக ஒன்று சொன்னார். "ஒரு தடவ நாத்தம் வரட்டும். அடுத்த திங்கக்கிழம கலெக்டராபீசு கிரீவன்ஸ்ல அர்ஜி மனுவோட நான் நிப்பேன். அப்புறம் யாரு வந்து பேசினாலும் கேக்கமாட்டேன்."

"வராதுண்ணா. நான் சொல்றேன்" என்று ஈவ்லின் வாக்குக் கொடுத்தாள்.

போன சீசன் முழுக்க ஓடை நாறவில்லை. இந்த சீசனிலும் நேற்றுவரை எல்லாம் ஒழுங்குதான். நேற்று டிராக்டர் டயர் வெடித்து, காலையில் வரவேண்டிய தோல் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தது. இருக்கிற குழிகள் நிரம்பிவிட்டன. புதிதாக வெட்டி மூட விடியும்வரை ஆகும். விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. ஜீவபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை மம்பட்டி தொடமாட்டார்கள். துரைமார் காலத்துக் கட்டு அது. விறகு பிளக்கமாட்டார்கள், நாற்று நடமாட்டார்கள். கம்பெனியில் இந்தப் பெண்களுக்கு ஞாயிறு லீவு என்றால், அது ஈவ்லினின் மாமனார் ஏசுரத்தினம் கம்பெனி வாசலில் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்தது. கோயில் மூப்பர் அவர். அவரை மீறி அந்த நிலத்தில் ஒரு புல் பிடுங்க முடியாது.

"மானத்த பாரு, ஒரு மேகம் கீதா?" என்று அவர் நேற்று கேட்டார். "ஓய்வுநாள் போவட்டும். திங்கக்கிழம விடியக்காத்தால மூடிக்கலாம்."

ஈவ்லினும் நிமிர்ந்து பார்த்தாள். மேகம் இல்லை. இடுப்பு விண்டுபோகிற மாதிரி வலி வேறு. சரி மாமா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மீன் கழுவினாள். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோசனம்?

பாட்டு முடிவதற்குள் அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். ஆராதனை நடுவில் ஒரு பொம்பிளை எழுந்து போவதாவது! ஏசுரத்தினம் முன்வரிசையிலிருந்து திரும்பி முறைத்தார். அவள் பார்க்கவில்லை.

ஓடைக்கரையில் தோல் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. வெயிலில் ஒரு நாள்கூடக் காயாத பச்சைத் தோல். அடியிலிருந்து பழுப்பாக ஒரு சாறு கசிந்து, மண்ணில் வழி தேடிக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கியது. இன்னும் நாலு முழம் போனால் ஓடை. தூறல் சின்னதுதான், ஆனால் மேற்கே மலை தெரியவில்லை, அத்தனை கறுப்பு. அது வந்து கொட்டினால் குவியல் அப்படியே கீழ்ப்பட்டுக்குப் போய்ச் சேரும்.

கோயில் கொட்டகையிலிருந்து மம்பட்டியை எடுத்து வந்து, வெள்ளைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாற்றுக்குக் குறுக்கே மண்ணை இழுத்து அணை போட்டாள். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் பிய்த்துக்கொண்டது. யாருக்கும் தெரியாமல் மூடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. மழை கொஞ்சம் பொறுத்தால்? காற்று மேகத்தைத் திருப்பதிப் பக்கம் தள்ளிவிட்டால்? கீழ்ப்பட்டில் மதியத்துக்குக் கிணற்று மோட்டாரைப் போட்டு டாங்கி நிரப்புவார்கள். அந்தப் பேத்திக்கு இப்போதுதான் கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. கையைப் புடவையில் துடைத்துவிட்டு போனை எடுத்தாள்.

"அண்ணா, நான் ஈவ்லின் பேசறேன். இன்னிக்கு மோட்டார் போடாதீங்க."

"ஏம்மா?"

"நேத்து வந்த தோலு மூடல. ஓடக்கரையிலேயே கீது. கசிஞ்சிக்கினு இருக்குது. நான் அடைக்கத்தான் பாக்கறேன், முடியல. தப்பு எங்களுதுதான்."

பேசிக்கொண்டே காலால் மண்ணைத் தள்ளிச் சாற்றை அடைத்தாள்.

"வரேன்" என்று சொல்லிவிட்டு நரசிம்மன் போனை வைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லில் அவளுக்கு எல்லாம் முடிந்துபோன மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே மண்ணை இழுத்தாள்.

முதலில் வந்தது லீனா. அவளுக்குப் பின்னால் தோல் வரிசைப் பெண்கள், பிரசங்கத்தை ஐயரிடமே விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவையோடு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒருத்தி கூடை, ஒருத்தி தார்ப்பாய், கிருபாபாய் கையில் மட்டும் மறந்துபோய் இன்னும் குடை. அத்தனை பேரும் எட்டிப்பார்த்துவிட்டு ஒரே குரலில் "அய்யய்யோ" என்றார்கள். உடனே வேலையில் இறங்கினார்கள்.

டிராக்டர் சத்தம் கேட்டபோது ஈவ்லின் நிமிரவில்லை. கீழ்ப்பட்டுக்காரர்கள் வண்டி நிறைய ஆளும் மணல் மூட்டையுமாக வந்து இறங்கினார்கள். சண்டைக்கு என்றே வந்த முகங்கள். முழங்கால்வரை தோலில் நின்ற வெள்ளைப் புடவைகளைப் பார்த்ததும் கத்த வந்தவர்களுக்குக் கத்த வரவில்லை. ஓடை வாயில் மூட்டையை அடுக்க ஆரம்பித்தார்கள்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஏசுரத்தினம் வந்தார். வேட்டி மடிப்புக் கலையவில்லை, அக்குளில் வேதப்புத்தகம். "ஓய்வுநாள்ல இன்னா அக்கிரமம் இது?" என்றார் மருமகளைப் பார்த்து.

நரசிம்மன் மூட்டையைக் கீழே போட்டார். "பெரிவரே, உங்களுக்கு லீவு. மழைக்கு லீவு கீதா? என் பேத்தி வவுத்துக்கு லீவு கீதா?"

"மாமா," என்றாள் ஈவ்லின். மூச்சு வாங்கியது. "நேத்து நீங்க சொன்னீங்க, நானும் சரின்னேன். ரெண்டு பேரும் சேந்துதான் இவங்க தண்ணியில கைய வச்சிட்டோம். இன்னும் முப்பது கையி வேணும். இல்லன்னா ஆவாது."

கிழவர் குவியலைப் பார்த்தார். ஓடையைப் பார்த்தார். மேற்கே பார்த்தார். திரும்பி நடந்துவிட்டார். போகட்டும் என்று ஈவ்லின் குனிந்தாள்.

அப்போதுதான் கோயில் மணி அடித்தது. ஆராதனைக்கு அடிக்கிற அடி இல்லை. நிறுத்தாமல் ஒரே அடி. ஜீவபுரத்தில் அப்படி அடித்தால் அது சாவு மணி. ஆண்கள் கோயிலிலிருந்தும், வராத சோம்பேறிகள் வீட்டிலிருந்தும் பதறிப்போய் ஓடிவந்தார்கள்.

"யாரு? யாரு போய்ட்டது?"

"யாரும் போவலடா!" என்று கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே கத்தினார் ஏசுரத்தினம். தொண்டை கிழிகிற குரல். "மம்பட்டி எடுத்துக்கினு ஓடக்கரைக்கு ஓடுங்க! நின்னுக்கினு இன்னா பாக்கறீங்க, ஓடுங்க!"

அதற்குப் பிறகு அங்கே நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். எது எந்த ஊர் மம்பட்டி என்று அடையாளம் தெரியவில்லை. ஐயர் அங்கியைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டுக் கூடை தூக்கினார். கீழ்ப்பட்டு டிராக்டர் தோலை மேட்டுக்கு இழுக்க, ஜீவபுரத்து ஆட்கள் குழி வெட்ட, பெண்கள் தோலைக் குழியில் தட்டிவிட்டு மண் தள்ளினார்கள். ஏசுரத்தினம் வந்து நின்று, "ஆழம் பத்தாது, இன்னும் வெட்டு" என்று எல்லாரையும் விரட்டினார். பிறகு அதுவும் போதாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே குழிக்குள் இறங்கினார். லீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசிக் குழிக்கு மண் தள்ளும்போது மலையிலிருந்து மழை வந்தது. சும்மா மழையா அது! கண் திறக்க முடியவில்லை. எல்லாரும் ஓடைக்கரையில் வரிசையாக நின்றார்கள். வெள்ளம் சிவப்பாக, மண் வாசனையோடு, சுத்தமாக ஓடியது. ஒரு பொட்டு நுரை இல்லை. நரசிம்மன் இறங்கி ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார், மறுபடியும் முகர்ந்தார்.

"சரேலே, சரி" என்றார் கரையேறி. "நாளைக்கு நான் எங்கியும் போவல."

கூட்டம் ஓவென்று கத்தியது. யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று கணக்கில்லை. ஈவ்லினுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் சந்தோஷம். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனா ஒண்ணு, பெரிவரே" என்றார் நரசிம்மன். "இனிமே ஞாயித்துக்கிழமைக்குத் தோலு மிஞ்சினா அது எங்க பொறுப்பு. எங்க ஆளுங்க வந்து மூடுவாங்க. நாங்க அமாவாசைக்கு மண்ணத் தொடமாட்டோம். அன்னிக்கு உங்க பொறுப்பு."

"ஆவட்டும்" என்றார் ஏசுரத்தினம். அவர் தலையில் ஒரு மாம்பழத்தோல் ஒட்டியிருந்தது. எடுத்துவிட யாருக்கும் தைரியம் வரவில்லை.

மழை தணிந்த பிறகு நரசிம்மனின் மனைவி பச்சையம்மாள் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடைக்கரையோடே நடந்து வந்தாள். "இப்பதான் கெணத்துல மொண்டேன். குடிச்சிப் பாத்துட்டுத்தான் எடுத்தாறேன்" என்று சொல்லி, சொம்பில் ஊற்றி ஈவ்லினிடம் வந்தாள்.

ஈவ்லினின் கையெல்லாம் முழங்கைவரை சக்கை. அவள் குனிந்து இரண்டு கையையும் வாய்க்குக் கீழே குவித்தாள். அவளுடைய மாமியார் காலத்தில், ஜீவபுரத்தார் கீழ்ப்பட்டில் தண்ணீர் கேட்டால் அப்படித்தான் எட்டி நின்று குவிக்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். ஈவ்லின் அதை நினைத்துச் செய்யவில்லை. பச்சையம்மாளுக்கு மட்டும் முகம் மாறிவிட்டது.

"இன்னா பண்ற நீ? கைய எடு. சொம்ப புடி."

"கையெல்லாம் தோலுக்கா..."

"இருந்துட்டுப் போவுது. புடி. வாய வச்சிக் குடி."

ஈவ்லின் வாங்கி வாய் வைத்துக் குடித்தாள். தண்ணீர் ஜில்லென்று தொண்டையில் இறங்கியது. போதும் என்று திருப்பிக் கொடுத்தபோது, சொம்பின் மேல் அவளுடைய விரல்கள் ஐந்தும் மஞ்சளாகப் பதிந்திருந்தன. பச்சையம்மாள் அதைத் துடைக்கவில்லை. மிச்சமிருந்த தண்ணீரை அதே இடத்தில் நின்று, தானும் வாய் வைத்துக் குடித்தாள்.