மூன்றாம் லயத்துப் பாலம்

பொன்முடி மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான மூன்றாம் லயத்துக்கு முன்னால் ஓடும் ஆற்றின்மேல், தேர்தல் அறிவித்த மறுநாள் காலை ஒரு கான்கிரீட் பாலம் வந்து நிற்கும்; வாக்கு எண்ணும் நாளில் நாலாம் சுற்று முடியும்போது காணாமல் போய்விடும். நீளம் இருபத்திரண்டு மீட்டர், ஒரு ஜீப் போகும். யார் ஜெயித்தாலும் இதில் மாற்றமில்லை. நாற்பது வருட வழக்கம் என்பதால், லயத்துக்காரர்கள் கல்யாணத்தையும் கட்டில் பீரோ வாங்குவதையும் தேர்தலுக்கென்று தள்ளிவைத்தார்கள். ஒருமுறை நடுப்பாலத்தில் நின்ற ஆட்டோ ஆற்றில் விழுந்தது. டிரைவர் நீந்திக் கரையேறி, யார் ஜெயிச்சது என்று விசாரித்தார்.

கொழுந்து கிள்ளும் லீலாபாய்க்கு அந்தப் பாலத்தின்மேல் தீராத கோபம். புருஷன் ராஜையனுக்கு நெஞ்சுவலி வந்தது எண்ணிக்கை முடிந்த நாலாம் நாள். கம்பளியில் தூக்கிவந்தவர்கள் வெள்ளம் வடியக் காத்திருந்தார்கள். அவர் காத்திருக்கவில்லை. அதற்கப்புறமும் அவள் ஓட்டுப் போட்டாள், ஏன் என்று கேட்டால் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கும்.

இந்தமுறை பாலம் போனபோது மருமகள் ஷீனாவுக்கு ஏழு மாதம். பிரசவம் மிதுனத்தில், அதாவது ஆனியில், ஆறு கரைபுரளும் மாதத்தில். அப்போதுதான் வார்டு மெம்பர் ஆதிரா கிராமசபைப் புத்தகத்தோடு வந்தாள். அங்கே கிராமசபை கூடுவது அப்படித்தான்: ஆள் போக வேண்டாம், புத்தகம் வீடுவீடாக வரும், ஒப்பு என்று கையெழுத்து வாங்கினால், கூட்டத்துக்கு வேண்டிய ஆள்கணக்கான கோரம் தேறிவிடும். லீலாபாயும் இருபத்துமூன்று வருடம் போட்டுக்கொடுத்தவள்தான்.

"இந்தத் தடவ ஒப்பு இல்ல மோளே. நான் கூட்டத்துக்கே வந்து உக்காருறேன்."

"வந்து எந்தா சேச்சி கிடைக்கும்? பாலம் கேட்டு ஏழு தடவ எழுதி அனுப்பியாச்சு, ஃபண்ட் இல்லன்னுதான் வருது, கேட்டோ."

ஆதிராவுக்கும் அலுத்திருந்தது. ஆனாலும் லீலாபாய் வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். சனிக்கிழமை அங்கன்வாடியில் எண்பத்திரண்டு பேர் கூடினார்கள். நாற்காலியே இல்லை, புத்தகத்துக்கு நாற்காலி தேவைப்பட்டதில்லையே. தரையில் உட்கார்ந்து குடிநீரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, பீடி பிடிக்க வெளியே போன வீரபாண்டி, பாலம் வந்திருக்கு என்றார். எல்லாரும் எழுந்து ஓடினார்கள், பாலம் போய்விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தார்கள், பாலம் வந்தது. பத்துப் பேர் உட்கார்ந்தால் போதும், ஆனால் ஊர்க்காரியம் பேச வேண்டும், சும்மா இருந்தால் நிற்காது என்று இரண்டு நாள் சோதித்துத் தெரிந்துகொண்டார்கள். கூட்டம் முடிந்தது என்று எழுதாமல், முறை வைத்து உட்கார ஆரம்பித்தார்கள்.

மிதுனம் பதினேழாம் தேதி மத்தியானம், கொட்டுகிற மழையில் ஷீனாவுக்கு வலி கண்டது. அன்று லீலாபாயின் முறை. அறையில் சரியாகப் பத்துப் பேர். ஜன்னல் வழியாக, ஷீனாவை ஏற்றிவந்த ஜீப்பைப் பார்த்து அவள் பாதி எழுந்தாள், பிறகு உட்கார்ந்தாள். ஜீப் பாலத்தில் ஏறி அக்கரையில் இறங்கும்வரை, கிணற்றடித் தெருவிளக்கு எரியாததைப் பற்றி விடாமல் பேசினாள். குரல் நடுங்கியதை ஆதிரா மினிட்ஸில் எழுதவில்லை.

மலையடிவாரத்து வித்துரா ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். முறை மாற ஆள் வந்து, லீலாபாய் பாலத்தில் நடந்து, அக்கரையில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கூட்டம் இன்னும் நடக்கிறது. எல்லாருக்கும் இடுப்பு வலிக்கிறது, தெருவிளக்கு எரிகிறது. லீலாபாயின் முறை செவ்வாயும் வெள்ளியும். குழந்தையையும் மடியில் வைத்துக்கொண்டு போகிறாள்.