உப்பேறிய புகையிலை

செத்தவனுக்குத் தான் உட்கார்ந்த இடம் மறந்துவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பெண்டாட்டி பெயர், பிள்ளைகள் பெயர், படகின் நிறம் எல்லாம் நினைவிருக்கும். ஊர் கூடும் மனேயபாவின் கூரைக்குக் கீழே, எந்தத் தூணருகில் தன் பாய் விரிந்திருந்தது என்பது மட்டும் மறந்துபோகும். அதனால் இரவில் கடலில் இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கூப்பிட்டால் நாங்கள் யார் என்று கேட்பதில்லை. பெயரை ஆவியும் சொல்லிவிடும். "உன் இடம் எங்கே?" என்றுதான் கேட்போம்.

பதில் சரியாக இருந்தால் மனிதன். தவறாக இருந்தால், ஒரு துண்டு முறுக்குப் புகையிலையை அந்தப் பக்கம் வீசிவிட்டு, விளக்கை அணைத்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வடக்கே, செத்தவர்களின் காவலன் நாக்கா வலை பின்னியபடி காத்திருக்கும் வாசலுக்குப் போகிற வழியில் அது கொஞ்சம் புகைத்துக்கொள்ளும்.

பெரும்பாலும் சிரிப்பில்தான் முடியும். என் தம்பி தெபானோவின் மச்சான் பவுரோ, நிலவில்லாத ஒரு ராத்திரி விளக்கில்லாமல் எங்கள் படகை ஒட்டி வந்து முனகினான். இடம் எங்கே என்று கேட்டேன்.

"என் இடமா? உங்க வீட்டு அடுப்புப் பக்கம்தான் அண்ணே. மீன் வெந்திருச்சா?"

துடுப்பால் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். தெபானோ சிரிக்கவில்லை. "செத்தவங்க கேட்டுட்டு இருப்பாங்கடா" என்று மட்டும் சொன்னான்.

எங்கள் குடும்பத்து இடம் கிழக்கு வரிசையில் மூன்றாம் தூண். முன்னால் மூத்தவன் உட்காருவான். ஊர்ப் பேச்சில் குடும்பத்துக்காக வாய் திறக்கிறவன் அவன் ஒருவனே. அப்பா போனபின் அங்கே நான். எனக்குப் பின்னால் தெபானோ. அவனுக்கு ஏதாவது தோன்றினால் குனிந்து என் காதில் சொல்வான். பிடித்தால் அதை நான் உரக்கச் சொல்வேன். பிடிக்காவிட்டால் விட்டுவிடுவேன். அப்படி ஆண்டுக்கணக்கில் அவன் என் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

அந்த மாலை சூரை மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு நான் தனியாகப் போனேன். பறவைகள் மேற்கே இறங்கின, நானும் போனேன். திரும்பும்போது எஞ்சின் நின்றது. கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம். இருட்டுவதற்குள் தென்னைகளின் தலை தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. எங்கள் தீவு அவ்வளவு தாழ்வானது. ஒரு முறை கண்ணை மூடித் திறந்தால் காணாமல் போய்விடும்.

பிறகு மிதந்தேன். முதலில் நாட்களை எண்ணினேன், பிறகு எண்ணுவது பசியைக் கூட்டுகிறது என்று விட்டுவிட்டேன். தார்ப்பாயில் மழை பிடித்துக் குடித்தேன். படகின் நிழலில் ஒதுங்கிய சின்ன மீன்களைப் பச்சையாகத் தின்றேன். பகலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரவுதான் ஆள் மாதிரி கூடவே இருந்தது. பலகைக்கு அடியில் யாரோ முட்டியால் தட்டுவதுபோல் மெதுவாகத் தட்டும். சுறா முதுகு உரசுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு தட்டலுக்கும் "யாரு?" என்று கேட்டேன். ஒரு ராத்திரி நான் கேட்ட மறுகணமே தண்ணீரிலிருந்து ஊசிமூக்கு முரல் மீன் ஒன்று பாய்ந்து என் காதை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தது. ஒரு விரற்கடை உள்ளே வந்திருந்தால் கழுத்தைத் துளைத்திருக்கும். அதன்பின் யாரையும் எதையும் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

காற்று திரும்பியது. மேற்கிலிருந்து மழையோடு வீசத் தொடங்க, என்னைக் கொண்டுபோன கடலே என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது. ஒரு மாலை மேகத்தின் அடிவயிறு பச்சையாக இருந்தது. காயல் இருக்கும் இடத்தில்தான் மேகம் அப்படிப் பச்சை பூசும். எந்தத் தீவு என்று தெரியவில்லை. கையால் தண்ணீரைத் தள்ளினேன். துடுப்பு எப்போதோ போயிருந்தது.

இருட்டியபின் விளக்கு வந்தது.

சத்தமே இல்லை. தண்ணீர்மேல் ஒரு வெளிச்சம், அதைச் சுற்றி வெள்ளையாக ஏதேதோ எழுந்து எழுந்து விழுந்தன. நாக்கா ஆள் அனுப்பிவிட்டான் என்று நினைத்துப் படகுக்குள் ஒடுங்கினேன். அப்புறம்தான் எழுந்து விழுவது கோலா மீன்கள் என்று புரிந்தது. விளக்கைக் கண்டு பறக்கின்ற மீன்கள். நீளக் காம்பு வலையோடு ஒருவன் நிற்பதும் தெரிந்தது. காற்று அவன் சிரிப்பைக் கொண்டுவந்தது. பவுரோவின் சிரிப்பு.

கூப்பிட்டேன். தொண்டையிலிருந்து வந்தது என் குரல் இல்லை. காய்ந்த ஓலையை இழுத்துப்போவது மாதிரி ஒன்று வந்தது.

சிரிப்பு நின்றது.

"மச்சான்… கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. வாயை மூடு."

தெபானோ! அந்த மூன்று சொல்லுக்கு என் உடம்பு முழுக்க அழுதது. கண்ணில் மட்டும் தண்ணீர் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "தம்பி, நான்தான்டா. இயாக்கோபா."

வெளிச்சம் திரும்பி என் முகத்தில் விழுந்தது. பவுரோ அலறினான். என் அந்த முகத்தை, பிறகு என்னைத் தூக்கிய கப்பலின் கண்ணாடியில் பார்த்தேன். அவனைக் குறை சொல்லமாட்டேன். தலைமுடி உப்பில் வெளுத்து, தோல் செதில் செதிலாக உரிந்து, பல் மட்டும் பெரிதாக இருந்தது.

"போயிரலாம் மச்சான். பேர் சொல்லுது. வா, போயிரலாம்."

"இரு. கேக்கணும்." தெபானோவின் குரல் நடுங்கியது. ஆனாலும் முறைப்படி உரக்கக் கேட்டான். "உன் இடம் எங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சுலபமான கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டிருக்க முடியாது. தண்ணீர் கொடு என்றோ, கயிறு போடு என்றோ சொல்லியிருக்கலாம். இருக்கிற மூச்சையெல்லாம் பதிலுக்கே செலவழித்தேன். "கிழக்கு வரிசை. மூணாம் தூண். முன் பாய்."

அதன்பின் ஒரு மௌனம். அதை நான் இன்னும் முழுதாகக் கேட்டு முடிக்கவில்லை. கோலா மீன் ஒன்று அவர்கள் படகுக்குள் விழுந்து துடித்தது கேட்டது. விளக்கு மெல்ல ஆடியது.

"சரியாத்தானே சொல்லுது?" என்றான் பவுரோ, ரகசியமாக.

"தப்பு" என்றான் என் தம்பி. பிறகு எனக்குக் கேட்கும்படி சொன்னான். "அங்க நான் உட்கார்ந்திருக்கேன். அது என் இடம். நீ வடக்க போ."

ஏதோ பறந்து வந்து என் மார்பில் பட்டுக் காலடியில் விழுந்தது. விளக்கு அணைந்தது. அவர்கள் எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

நான் கத்தினேனா என்று நினைவில்லை. காலடியில் கை துழாவியபோது புகையிலை அகப்பட்டது. முனையில் சிவப்புத் தூண்டில் நூல் சுற்றியிருந்தது. தெபானோ தன் புகையிலையை எப்போதும் அப்படித்தான் கட்டுவான். பவுரோ திருடாமல் இருக்க. பாதியைக் கடித்து மென்றேன். மீதியை இடுப்பில் முடிந்துகொண்டேன். விடிந்தபோது தென்னைகள் எனக்குப் பின்னால் இருந்தன.

சூரை மீன் பிடிக்கும் கப்பல் ஒன்று என்னைத் தூக்கியது. அதன் ஆட்கள் பேசியது எனக்கு விளங்கவில்லை, நான் பேசியது அவர்களுக்கு விளங்கவில்லை. சோறு கொடுத்தார்கள். என் இடம் எங்கே என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. எங்கோ ஒரு துறைமுகத்தில் இறக்கி, ஆஸ்பத்திரியில் கிடத்தி, வேறு வேறு கப்பல்களில் ஏற்றி, கடைசியில் எங்கள் தீவின் படகுத்துறையில் என்னை விட்டார்கள்.

தரேசியா என்னைத் தொடவில்லை. என் மனைவி பயந்தவள் இல்லை. அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து என் கால் பக்கம் நீட்டி, நிழல் விழுகிறதா என்று பார்த்தாள். விழுந்தது. அதன்பின்தான் உட்கார்ந்து அழுதாள். தென்னங்கள்ளைக் காய்ச்சிய பாகில் தண்ணீர் கலந்து கொடுத்தாள்.

"உங்களுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் முடிச்சுட்டோம்" என்றாள். "மூணு ராத்திரி உக்காந்து பாடி, சாப்பாடு போட்டு, உங்க பாயை எரிச்சு. அப்புறம்தான் தெபானோவை முன்னால உக்கார வெச்சாங்க."

"அவன் கேட்டானா?"

"யாரும் கேக்க வேண்டியதில்லையே. இடம் காலியா இருந்துச்சு." கொள்ளியை அடுப்பில் திரும்பச் செருகிக்கொண்டே சொன்னாள். "உங்க ஆவியைக் கடல்ல பார்த்தேன்னு ஒருநாள் ராத்திரி ஓடியாந்தான். அப்பிடி அழுதான். ஊரே நிம்மதியாச்சு, வழி தெரிஞ்சு போயிட்டீங்கன்னு. என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாரான்னு நான் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"இல்ல அண்ணி, இடத்தைப் பத்தித்தான் பேசுனார்னான்."

அவன் பொய் சொன்னான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் தெபானோ வந்தான். சோறும் டின் இறைச்சியும் கொண்டுவந்து பாயில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். எங்கள் இருவருக்கும் பேசாமலிருப்பது புதிதல்ல. ஆனால் முன்பெல்லாம் அதில் யாரும் யாருக்காகவும் காத்திருந்ததில்லை.

"அண்ணே, நீங்க சொன்னீங்கன்னா நான் எழுந்துக்கிறேன்."

"நானா சொல்லணுமா?"

"ஊரு கொடுத்த இடம். நானா எழுந்தா ஊரை அவமதிச்ச மாதிரி ஆகும்."

"அன்னிக்கு நீ கேட்டே. நான் சரியாச் சொன்னேன்."

"தப்பாச் சொன்னீங்கண்ணே." அவன் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப அந்த இடம் உங்களோடது இல்ல."

"நான் உயிரோட இருந்தேன்டா."

"அதை நான் கேக்கலையே" என்றான் மெல்ல. "இடத்தைத்தான் கேட்டேன். நம்ம ஊர்ல வேற என்ன கேப்பாங்க?"

அந்தக் கேள்விக்குள் ஒரு பயந்த மனிதன் இருந்தானா, பொறுத்திருந்த மனிதன் இருந்தானா என்று அவன் முகத்தில் தேடினேன். ஒருவேளை அவனும் தேடிப் பார்த்திருப்பான். போகும்போது வாசலில் நின்றான். "சனிக்கிழமை ஊர் கூடுது. வருவீங்கல்ல?"

சனிக்கிழமை போனேன். மனேயபாவின் கூரை விளிம்பு இடுப்பளவுக்குத் தாழ்ந்திருக்கும். யாரானாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். குனிந்து நிமிர்ந்தபோது பேச்சு அறுந்தது. எல்லோரும் அவரவர் தூணடியில் இருந்தார்கள். மூன்றாம் தூணில் முன் பாயில் தெபானோ. அவனுக்குப் பின்னால் ஒரு பாய் காலியாக விரிந்திருந்தது. புதுப் பாய். எனக்காகப் பின்னியது.

"வாங்கண்ணே, வாங்க" என்றான் பவுரோ, தன் வரிசையிலிருந்து, தேவைக்கு அதிகமான சத்தத்தில். "செத்தும் மெலிஞ்சுதான் போயிருக்கீங்க, கொழுக்கலையே!" ஓரிருவர் சிரித்தார்கள். அவன் தானாகவே நிறுத்திக்கொண்டான்.

எழுந்திரு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தெபானோ எழுந்துவிடுவான். ஊர் அதைத்தான் எதிர்பார்த்தது. நான் அவன் இடத்தில் உட்காருவேன், அவன் மறுபடி என் முதுகைப் பார்ப்பான். அவன் மூச்சு என் காதில் படும். அந்த மூச்சை முதுகில் வைத்துக்கொண்டு இனி எந்தப் பேச்சை நான் பேசுவது? பின் பாயில் உட்கார்ந்தால் அவன் முதுகை நான் பார்க்க வேண்டும். அதில் எதைப் பார்ப்பேன் என்பது எனக்கு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

கிழக்கு வரிசையைத் தாண்டி நடந்தேன். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கென்று எல்லா மனேயபாவிலும் ஒரு இடம் உண்டு. அங்கே பாய் இல்லை, சரளைக்கல்தான் இருந்தது. உட்கார்ந்தேன். கால்களை மடக்கினேன். தரேசியா பெண்கள் பக்கம் முகத்தை மூடிக்கொண்டது தெரிந்தது.

வெளியூர்க்காரன் வெறுங்கையோடு வரக்கூடாது. வந்ததும் புகையிலை வைக்க வேண்டும். முன் பாயில் இருக்கும் ஒருவன் எழுந்து வந்து எடுத்து, நறுக்கி, எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். இந்த வாரம் அந்த முறை எங்கள் குடும்பத்துக்கு.

இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்து முன்னால் வைத்தேன். பல் பதிந்த பாதிப் புகையிலை. முனையில் சிவப்பு நூல்.

தெபானோ வருவதற்கு நேரமானது. என் எதிரே மண்டியிட்டு அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கை நீளவில்லை. யாரோ இருமினார்கள்.

"கேளு" என்றேன். "வந்தவன்கிட்ட கேக்கணும் இல்ல?"

அவன் உதடு அசைந்தது. "எங்கேருந்து வர்றீங்க?"

"கடல்லேருந்து."

அவன் தலையாட்டினான். நூலை அவிழ்க்கப் பார்த்தான், விரல் கேட்கவில்லை, கத்தியால் அறுத்தான். மெல்லிசாக நறுக்கி ஒவ்வொரு தூணுக்கும் கொண்டுபோனான். பவுரோ தன் பங்கை வாங்கும்போது என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் தாழை இலையில் சுருட்டி, தீக்குச்சி கிழித்தார்கள்.

கடல் தண்ணீரில் ஊறிக் காய்ந்து, மறுபடி ஊறிக் காய்ந்த புகையிலை. ஒருவருடையதும் பற்றவில்லை. பற்றவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. உதட்டில் வைத்தபடி, தீக்குச்சிக்கு மேல் தீக்குச்சி கிழித்துக்கொண்டு, கூரைக்குக் கீழே எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். தெபானோ தன் முன் பாய்க்குத் திரும்பிப்போய் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் புதுப் பாய் அப்படியே விரிந்து கிடந்தது.