முகத்துக்காக ஒரு லட்சம்

அது தொண்ணூற்றாறாம் வருஷம். பணி ஓய்வு பெற்ற நான்காம் நாள், பேச்சிமுத்து வழக்கம்போல ஐந்தரை மணிக்கு எழுந்து குளித்துக் காக்கிச் சட்டையை மாட்டினார். மூன்று பொத்தான் போட்ட பிறகுதான், போக வேண்டிய இடம் எதுவும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி சுந்தரம்மாள் காபியை வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் உள்ளே போனாள். முப்பது வருஷம் அந்த மனுஷனோடு குடும்பம் நடத்தியவளுக்கு எப்போது கேட்கக் கூடாது என்று தெரியும்.

மதுரையில் பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவி, அமிலம் அளந்து கொடுத்து வயசைக் கழித்தவர் அவர். அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அவர். ஓய்வூதியம் வாங்கப் போகிற முதல் ஆளும் அவர்தான். ஆகவே, மொத்தமாக வரும் பணத்தை என்ன செய்வது என்று கேட்க அவருக்கு முன்னே அந்த வழியில் போனவர் யாரும் வீட்டில் இல்லை.

பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் வரும் என்றார்கள். மகள் பவதாரிணியின் நர்ஸிங் படிப்பில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. அதற்கும், அதற்குப் பிறகான எல்லாவற்றுக்கும் அந்தப் பணம்தான்.

எட்டு மணிக்கு வெள்ளைத்துரை வந்தான். சுந்தரம்மாளின் சித்தப்பா மகன்.

"என்ன மச்சான், காக்கி இன்னும் கழறலையா? காலேஜு உங்கள விட்டாலும் நீங்க காலேஜ விட மாட்டீக போல!"

பேச்சிமுத்து சிரித்தார். அவனிடம் சிரிக்காமல் இருக்க முடியாது. ஓய்வு பெறுகிறவரை மாலையோடு வீடுவரை கொண்டுவந்து விடுவது அந்தக் கல்லூரியில் வழக்கம். பேராசிரியர் என்றால் கார்; ஆய்வக உதவியாளருக்கு ஆட்டோ. அவர் ஓய்வு பெற்ற அன்றைக்கு வெள்ளைத்துரை தன் செலவில் வேன் பிடித்து, வெடி போட்டு, தெருவே எட்டிப் பார்க்கும்படி அவரை இறக்கிவிட்டான். வந்தவர்களுக்குப் பிரியாணியும் அவன் செலவுதான்.

"காளவாசல்ல புது பைனான்ஸ் கம்பெனி மச்சான். நூத்துக்கு இருபத்துநாலு வட்டி. இரண்டரை லட்சத்துக்கு மாசம் அய்யாயிரம். போஸ்ட் ஆபீஸ்காரன் இதுல பாதிதான் குடுப்பான். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறியும் போட்டு வந்திருந்தான். பேச்சிமுத்து அதை வெகு நேரம் பார்த்தார். "பணம் வரட்டும் மாப்ள" என்றார்.

கல்லூரி அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் அவர் வித்யாஸ்ரீயைத் தேடிப் போனார். காளவாசலில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் உட்கார்ந்து வருமான வரிக் கணக்குப் பார்க்கிற ஆடிட்டர். முப்பது வயசு இருக்கும். அவர் படியேறியபோது போனில் தன் வீட்டாரோடு சௌராஷ்டிர பாஷையில் பேசிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு, "உக்காருங்க சார்" என்றாள். முப்பத்தோரு வருஷ வேலையில் அவர் பிறரை அழைத்த சொல் அது. தன்னை அப்படி யாரும் அழைத்ததில்லை.

"நான் எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்ல சார். உங்க நிலைமையக் கேட்டு, எங்க போடலாம், எங்க போடக் கூடாதுன்னு எழுதிக் குடுப்பேன். முந்நூறு ரூபா கட்டணம்."

"எழுதிக் குடுக்கிறதுக்கு மட்டுமா?"

"ஆமா சார்."

பேச்சிமுத்து எழுந்துகொண்டார். முந்நூறு ரூபாய்க்கு ஒரு மூட்டை அரிசியே வாங்கலாம்போல. வாய் வார்த்தையை யாராவது விலைக்கு வாங்குவார்களா? அவள் கோபப்படவில்லை. "பரவால்ல சார். உங்களுக்குச் சும்மா யோசனை சொல்ற ஆளுக்கு யாரு கூலி குடுக்கிறாங்கன்னு மட்டும் கேட்டுப் பாருங்க" என்றாள்.

ஆகஸ்டில் பணம் வந்தது. வெள்ளைத்துரையும் வந்தான். யோசனை சொல்ல அவனுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்று பேச்சிமுத்து கேட்டார். அவன் மறைக்கவில்லை.

"கம்பெனிதான் குடுக்கும் மச்சான். நூத்துக்கு நாலு. நீங்க போட்டா எனக்குப் பத்தாயிரம். வெளியாளுக்குப் போறது நம்மாளுக்கு வரட்டுமே?"

"நான் போடலன்னா?"

"எனக்கென்ன, வேன் வாடகையும் பிரியாணியும் நட்டம்!" அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். சுந்தரம்மாள்கூடச் சிரித்தாள்.

பேச்சிமுத்துவுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. 'அங்கே போட வேண்டாம்' என்று இவனால் சொல்லவே முடியாது. அப்படிச் சொன்னால் இவனுக்குச் சோறு இல்லை. விளங்கியும், தெரு பார்க்கத் தன்னை வேனில் இறக்கிவிட்டவன் முகத்தை முறிக்க அவருக்கு வாய் வரவில்லை. ஒரு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டார். மிச்சத்தை வங்கியில் விட்டுவைத்தார்.

மாதம் தவறாமல் இரண்டாயிரம் வந்தது. டிசம்பரில் சுந்தரம்மாளே ஆரம்பித்துவிட்டாள். "அந்த ஒன்றரை லட்சம் பேங்க்ல சும்மா தூங்குது. தம்பி சொல்றதக் கேட்டா என்ன?" பேச்சிமுத்து மூன்று நாள் தள்ளிப்போட்டார். நான்காம் நாள் முந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு காளவாசல் மாடிக்கு ஏறினார்.

வித்யாஸ்ரீ ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள். யார் யார் வீட்டில், மாதம் என்ன செலவு, படிப்பு எப்போது முடியும், யாருக்காவது வைத்தியம் நடக்கிறதா. இரண்டரை லட்சம் வைத்திருந்தபோது யாரும் கேட்காத கேள்விகள். கடைசியில், படிப்புக்கானதை வங்கியிலும் மற்றதைத் தபால் ஆபீஸிலும் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தாள்.

"அந்த ஒரு லட்சத்தையும் எடுத்துருங்க சார். அம்புட்டு வட்டி குடுக்க அவங்க என்ன தொழில் பண்றாங்கன்னு எனக்குத் தெரியல. தெரியாத எடத்துல இருக்க வேணாம்."

மிச்சப் பணத்தில் அவர் அப்படியே செய்தார். ஒரு லட்சத்தை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் வெள்ளைத்துரை என்ன நினைப்பான்?

பிப்ரவரியில் ஒரு காலை, கம்பெனியின் இரும்புக் கதவு திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. வாசலில் மண்ணை வாரித் தூற்றிய பெண்களையும், ரசீதைக் கையில் பிடித்தபடி சாலையில் உட்கார்ந்த கிழவர்களையும் பேச்சிமுத்து எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார். பிறகு வீட்டுக்கு நடந்தே வந்தார்.

ஐந்தாம் நாள் வெள்ளைத்துரை வந்தான். சவரம் செய்யாத முகம். வாசலைத் தாண்டவில்லை.

"நான் ஏமாத்தல மச்சான். எங்க ஆத்தா காசு எம்பதாயிரம் அதுலதான் கெடக்கு."

"ஏன்டா, கமிஷன் நாலாயிரம் வாங்குனப்ப மட்டும் இனிச்சுச்சோ?" என்று சுந்தரம்மாள் சீறினாள். "இந்த வீட்டுப் பக்கம் இனி தல வச்சிப் படுத்தே..."

"சுந்தரம், விடு." பேச்சிமுத்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார். "உள்ள வந்து உக்காரு மாப்ள."

அவன் உட்கார்ந்தான். சுந்தரம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ நல்லவன்தான். அதுல எனக்கு இப்பவும் சந்தேகம் இல்ல" என்றார் பேச்சிமுத்து. "நல்லவனான்னு மட்டும் பாத்தேன், அதான் தப்பு. ஒனக்குக் கூலி குடுத்தது கம்பெனி. அப்ப ஒன் வாயி கம்பெனிக்காகத்தான் பேசும். அது ஒன் பொழப்பு. எனக்காகப் பேச ஒரு ஆளு வேணும்னா, அந்தக் கூலிய நான்தான் குடுக்கணும். முந்நூறு குடுக்க மனசு வராம ஒரு லட்சத்தக் குடுத்தேன்."

பேச்சிமுத்து தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தினார்.

"யாரு கூலின்னு ஒன்கிட்ட நேராவே கேட்டேன். நீயும் உள்ளதச் சொன்ன. கேட்டா மட்டும் பத்தாது மாப்ள. பதிலத் தெரிஞ்சுக்கிட்டு, எதுக்க இருக்கிறவன் மச்சினனா இருந்தாலும், வேணாம்னு சொல்லத் தெரியணும்."